டிஸ்கோ தட்டிலிருந்து வெட்டிய சிரிப்பு

மாமல்லபுரத்துக் கடலோர விடுதியில் மாலை பார்ட்டி. சடையப்பன் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி, மணலில் பலகை போட்டு அடுக்கினான். அவன் மனைவி பூங்கொடி பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தாள். டிஜே அபிஷேக், சத்தம் சரிபார்க்க, ஊரே ஆடும் ஒரு ஹவுஸ் மியூசிக் பாட்டைப் போட்டான். பழைய டிஸ்கோ இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒரு பெண்ணின் சிரிப்பு அதில் திரும்பத் திரும்ப வரும்.

"இன்னாமே, உன் சிரிப்பாட்டமே கீது!" என்றான் சடையப்பன்.

"ஆமா, பொறக்கறதுக்கு முன்னாடியே போய் சிரிச்சிட்டு வந்தேன்," என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"யோவ்" என்று அவள் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

அபிஷேக் திருப்தியாகத் தலையாட்டி, பாட்டை நிறுத்தக் கை நீட்டினான்.

"வேணாம் சார், நிறுத்தாத!" சடையப்பன் மணலில் கால் புதையப் புதைய ஓடினான்.