ரஹமத் பீவியின் வலக்கை

எட்டு வடிவிலிருந்த காந்தக் கருவியை ரஹமத் பீவியின் தலையில் இடப்பக்கமாக வைத்து, பிசியோதெரபிஸ்ட் கோகிலவாணி பொத்தானை அழுத்தினாள்.

டக், டக், டக்.

சத்தம் ஆகாதென்று அவள் காதிலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் நசுருல்லாவின் காதிலும் அடைப்பான் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தேவைப்பட்டது. அவர் மனைவிக்கு வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். பிறவியிலேயே ரஹமத் பீவிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கைதான் அவளுக்கு வாய்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலக்கை மடியில் போட்டது போட்டபடி கிடந்தது.

இடக்கையால் சமாளித்துக்கொண்டாள். பால் வந்துவிட்டது, கேஸ் தீரப்போகிறது என்று மருமகள் தஹ்சீனிடம் எல்லாம் சொன்னாள். பேரப்பிள்ளைகளைத் திட்டக்கூடச் செய்தாள்.

ஒரு கை நன்றாகத்தானே இருக்கிறது, இந்த வயதில் எதற்கு அலைச்சல் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நசுருல்லாவோ ராசிபுரம் கடையை மகனிடம் விட்டுவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்து சேலம் பஸ்ஸில் ஏற்றினார்.

இந்தக் காந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். மூன்று வாரமாகப் பலிக்கவும் இல்லை.

கருவி நின்றது. கோகிலவாணி வழக்கம்போல் ரப்பர் பந்தை நீட்டினாள்.

கட்டைவிரல் அசைந்தது. பின்னாலேயே ஆள்காட்டி விரல்.

"பாய், பந்தைப் புடிக்கச் சொல்லுங்க! வருதுங்க, கை வருதுங்க!"

ரஹமத் பீவி பந்தைப் பார்க்கவே இல்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

கை மடியை விட்டு எழுந்தது. பாதியில் விழுந்தது. மறுபடி எழுந்தது. தோள் நடுங்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலைத் தன் புருவத்தின் மேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

நசுருல்லாவின் புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு போகும். நிக்காஹ் முடிந்த அன்று அதைப் பார்த்துத்தான் அவள் அவருக்குப் பெயர் வைத்தாள். அந்த ஒற்றை இழுப்புதான் அவர் பெயர்.

இந்த ஏழு மாதத்தில் அவரிடம் ஏதாவது வேண்டுமென்றால், அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தாள். இல்லையென்றால் மருமகளை அனுப்பினாள். இடக்கையால் ஊரோடெல்லாம் பேசினாள். கட்டியவரைக் கூப்பிட மட்டும் அந்தக் கையைத் தூக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என்னங்க பாய் சொல்றாங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

நசுருல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இதோ வந்துட்டேன்" என்றார், வாய்விட்டு.