பவழம் வகுப்புக்கு வந்த கதை

கடல் சீறிக்கொண்டிருந்த நாட்களில் நண்டுகளின் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அவரவர் வளையிலிருந்தே படிக்க வேண்டும். ஆமை வாத்தியார் தூரத்துப் பாறையில் நின்று கத்துவார். வளைவாசலில் முகம் காட்டாதவர்களுக்குப் பரீட்சை கிடையாது!

பவழம் என்ற நண்டு அன்றைக்குத்தான் பழைய ஓட்டைக் கழற்றியிருந்தாள். புது ஓடு இன்னும் இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது. வெளியே போனால் பருந்து கொத்திவிடுமே என்று பயந்து, உள்ளேயிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"பவழம் வரலை!" என்றார் வாத்தியார்.

"வந்திருக்கேன் ஐயா! அலை உள்வாங்கும்போது மணல்ல ஏன் குமிழி வருது?"

"முகத்தையே காட்டலை, கேள்வி வேறயா? மத்தவங்களைப் பாரு, ஆடாம அசையாம எப்படிக் கவனிக்கிறாங்க!"

பவழம் ஒரு கண்ணை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் வெறும் பழைய ஓடுகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்து வளையில் கொடுக்கன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் கொடுக்கா, இது அநியாயமா இல்லை?"

"அநியாயம்தான். உன்கிட்டயும் ஒரு பழைய ஓடு இருக்குல்ல? என்னைத் தூங்க விடு தாயே."

பவழத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பரீட்சை ஆயிற்றே! தன் பழைய ஓட்டை வாசலுக்குத் தள்ளினாள். அதன் பின்னாலிருந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"அடடா, அருமையான கேள்வி! இதுக்குத்தான் முகம் காட்டணும்னு சொல்றது" என்று அந்த ஓட்டைப் பார்த்துப் பூரித்தார் வாத்தியார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

காற்று அடித்தது. ஓடுகள் எல்லாம் தலையாட்டின.