கண்ணால் கண்ட சாட்சி

"உங்க கண்ணால பாத்தீங்களா அண்ணா? நிச்சயமா அவர்தானா?"

பாதி தைத்த சட்டையைத் தையல் மெஷினில் அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள் அவள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சார்ஜெண்ட், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கணவன் அவருடைய படைப்பிரிவில் சிப்பாய். மலைமேல் இருந்த காவல் அரணை எதிரிகள் பிடித்து நாற்பது நாள் ஆகிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"இதோ, இந்தக் கண்ணால பாத்தேம்மா. 'நீங்கல்லாம் கீழ இறங்குங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு ஒத்தை ஆளா நின்னான். சிங்கம்மா அவன்!"

"அவரா? பல்லியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிப்பாரே!"

சார்ஜெண்ட் ஒரு நொடி தடுமாறினார். "அது வீட்டுல. போர்க்களத்துக்கு வந்துட்டா மனுஷனே மாறிடுவான்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முதலில் பத்து எதிரிகள் என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தபின் அது முப்பது ஆனது. தோளில் குண்டு பாய்ந்தும் ஓர் அடி நகரவில்லையாம். கடைசி மூச்சிலும் தாய்நாட்டைத்தான் வாழ்த்தினானாம். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவள் தலையைக் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதே தங்கச்சி. இதுல ஒரு கையெழுத்துப் போடு." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "உடல் கிடைக்கலைன்னா, நேர்ல பாத்தவங்க ஒருத்தர், குடும்பத்துல ஒருத்தர், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் வீரமரணம்னு எழுதுவாங்க. நான் போட்டுட்டேன். நீயும் போடலைன்னா காணாமப் போனவன்னுதான் இருக்கும். ஓடிப்போயிட்டானோன்னு ராணுவ போலீஸ் தேடிக்கிட்டே இருப்பாங்க."

"ரெண்டு தடவை வந்துட்டாங்கண்ணா. பெட்டி, பீரோ எல்லாத்தையும் கலைச்சுப் போட்டாங்க. தெருவே கூடி நின்னு வேடிக்கை பாத்துச்சு." அவள் குரல் நிஜமாகவே நடுங்கியது. "இதுல போட்டுட்டா, அப்புறம் யாருமே அவரைத் தேடி வர மாட்டாங்களா?"

சார்ஜெண்ட் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். "இனிமே யாரும்மா தேடப் போறாங்க? பதக்கம்தான் வரும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு அவர் வெளியேறினார்.

தெருமுனையில் அவர் மறையும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் தாழிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பரண் பலகையைத் தட்டினாள்.

"போயிட்டார், இறங்குங்க. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எப்படி வாய் கூசாமப் புளுகறார் அந்த மனுஷன்!"

தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தான், வீரமரணம் அடைந்த அவள் கணவன்.

"பின்னே, உண்மையையா சொல்வார்? அன்னிக்கு முதல் ஆளா ஓடினதே அவர்தான். அவர் பின்னாடியே ஓடினதாலதான் எனக்கு மலையை விட்டு இறங்குற வழியே தெரிஞ்சுது!"