மஞ்சள் கவுன்

இவன் ஒரு நாளாவது அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருப்பானா?

அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரையின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறுமுனையை அண்ணன் பிடித்திருந்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

நாளைக்குப் பிரார்த்தனைக் கூடத்தில் அம்மாவுக்கு நினைவுக் கூட்டம். மேடைக்குப் பின்னால் அம்மாவின் திரை தொங்க வேண்டும் என்று கூடத்துப் பெரியவர்கள் கேட்டிருந்தார்கள். அதை எடுத்துப்போகத்தான் அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள்.

திரை முழுக்க ஒரு மரம். மரம் முழுக்கப் பறவைகள்.

வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்து சட்டை பிடிக்காமல் போனதும் அம்மா அந்தச் சட்டையை வெட்டி ஒரு பறவை செய்வாள். அதைக் கிளையில் வைத்துத் தைத்து முடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டாள். உதடு மட்டும் அசையும். ஒரு தையலுக்கு ஒரு வேண்டுதல், அந்தக் குழந்தையின் பேரைச் சொல்லி.

அண்ணனுடையது கோடு போட்ட டவுசர் துணி. கழுத்தே இல்லாத குண்டுப் பறவை. அம்மாவுக்குக் குசும்பும் உண்டு.

குளிக்க அடம்பிடிக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சோப்புக் கட்டியில் முயல் செதுக்கித் தருவாள். அடுப்பில் எதையாவது தீயவிட்டுவிட்டுச் சாமிக்குப் பாட்டுக் கட்டுவாள். அந்தப் பாட்டுகளைத்தான் கூடத்தில் இன்றும் பாடுகிறார்கள்.

நாளைக்கு மேடையில் இதெல்லாம் சொல்வார்கள். கடைசியில், பொறுமையே உருவானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று முடிப்பார்கள்.

அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமாம், பேசவில்லை. பேசியே ஆக வேண்டிய அன்றைக்கும் பேசவில்லை.

அண்ணனின் விரல் ஒரு கிளையில் போய் நின்றது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

மஞ்சள் கவுன் துணியில் ஒரு பறவை. வாயைத் திறந்தபடி. வாயாடியின் பறவை.

வாயாடி என்று வீட்டில் கூப்பிடுவது அண்ணனின் மூத்த மகளை. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே அண்ணன் இங்கே வந்து நின்றான். அவள் இனி என் மகள் இல்லை, மரத்திலிருந்து எடு என்றான்.

அம்மா எடுத்தாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அப்போதும் உதடு அசைந்தது. பேத்திக்காகக் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்கிறாளோ? பக்கத்தில் இவள்தான் துணியை இழுத்துப் பிடித்திருந்தாள். அறுத்த பறவையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கைகழுவி, அம்மா சாயங்காலப் பிரார்த்தனைக்குக் கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு வாயாடி போன் செய்தபோதெல்லாம், தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னாள். சாகிறவரை.

அண்ணன் திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். எறும்புச் சாரி போன்ற பொடித் தையலைத் தடவிப் பார்த்தான்.

"அன்னிக்கு எடுத்தத என் கண்ணால பாத்தேன். எனக்குத் தெரியாம திரும்பத் தெச்சிருக்கா பாரு, கிழவி!"

கோபத்தில்தான் சொன்னான். ஆனால் குரல் பாதியில் இறங்கியது. செத்துப்போன பிறகு அம்மா முதல்முறையாக அவனை எதிர்த்துப் பேசிவிட்டதைப் போல முகம் வெளுத்து நின்றான்.

கதவோரம் நின்ற அண்ணி மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துட்டுப் போகட்டுமேங்க. அத்தையே ஆசப்பட்டு தெச்சிருக்காங்க."

"நீ வாய மூடு. அவ நாளைக்குப் புருஷனோட வந்து நிக்கப்போறாளாம். இதப் பாத்தா, அப்பன் இறங்கி வந்துட்டான்னு நினைச்சுக்குவா."

மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பிளேடை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

"நீயே எடுத்துடும்மா. நான் கை வச்சா துணி கிழிஞ்சிடும். உனக்குத்தான் அப்படியே அம்மாவோட கை."

அம்மாவின் கைதான். அதில் ஒன்றும் பொய்யில்லை.

அன்று கூடைக்குள் கையை விட்டு அந்தப் பறவையை எடுத்துத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தவள் அவள்தான். அம்மாவின் சாவுக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, இதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். துணியில் பழைய ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. ஒரு துளை விடாமல் அதே துளைகளில் தைத்தாள்.

எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரு தையலுக்கு ஒரு வசவு. ஏன் எடுத்தாய்? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? உன் சாமியாவது கேட்கச் சொல்லவில்லையா? நீயெல்லாம் ஒரு பாட்டியா?

நான்தான் தைத்தேன் என்று இப்போது சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நின்றது. சொன்ன அடுத்த நொடி, துணி கிழிந்தாலும் பரவாயில்லை என்று இவன் நகத்தாலேயே பிய்த்து எறிவான். அம்மாவின் தையல் என்றால்தான் இவன் கை வைக்கத் தயங்குவான். நாளைக்கு வந்து நிற்கிற வாயாடியும், பாட்டி தன்னைத் திரும்ப மரத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு அழுவாள்.

இந்த நல்ல பேரும் அம்மாவுக்கே போகப்போகிறது. அவள் சம்பாதிக்காத பேர்.

அண்ணன் பிளேடை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கையை நீட்டவில்லை.

"அம்மா தெச்சதுண்ணா," என்றாள் மெதுவாக. "நான் பிரிக்க மாட்டேன்."