திட்டு வாங்குபவள்

வெளிநாட்டு மலைப்பாதையில், பனியில் சிக்கி ரயில் நின்று வெகு நேரமாகிவிட்டது. ஓட்டுநரில்லாத அந்த ரயிலில் பயணிகளுக்குப் பொறுப்பு செண்பகவல்லி மட்டும்தான். அவள் சட்டையில் செருகிய கருவி, பயணிகள் அவளைத் திட்டுவதைக் கேட்டுக் கணக்கெடுக்கும். அதிகம் திட்டு விழும் ரயிலுக்குத்தான் பனி அகற்றும் வண்டி முதலில் வரும்.

கோவைச் சுற்றுலாக் கூட்டம் அவள் தமிழைக் கேட்டதும் இளகிவிட்டது.

"நீ என்ன கண்ணு பண்ணுவே? உக்காரு, இட்லி சாப்புடு" என்றார் ஒரு பெண்மணி.

"திட்டுங்கம்மா. உங்க பக்கத்து சீட்டுல இந்தக் குழந்தைக்கு உடம்பு கொதிக்குது."

"நம்மூர்ப் புள்ளையப் போயி எப்படித் திட்டறது?"

செண்பகவல்லி சோர்வோடு குழந்தையின் தாயிடம் திரும்பினாள்.

"காய்ச்சல் புள்ளையத் தூக்கிட்டுப் பனியில வந்திருக்கியே, அறிவில்ல உனக்கு?"

தாய் கத்தத் தொடங்கினாள். பெட்டியே சேர்ந்து கத்தியது. பனி வண்டி கிளம்பிவிட்டதாகக் கருவி அறிவித்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை.