பதினோராவது பொருத்தம்

குன்னூரில் இப்போது ஜாதகத்தோடு, வீட்டுக்கு மேலே இருக்கும் பாறை மழையில் மண் அரித்து என்றைக்கு உருளும் என்ற தேதியையும் கொடுக்க வேண்டும். தன் பாறைக்கு இன்னும் நாற்பத்தோரு நாள்தான் என்பதால் தண்டபாணி அதை மட்டும் மறைத்துவிட்டார்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கடித்தபோது தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தது.

"அணிலுங்க," என்றார் தண்டபாணி.

"அந்த அணில் நாப்பத்தோரு நாள்ல இறங்குதுன்னு தெரியும், சம்பந்தி," என்றார் பையனின் அம்மா. "உங்க வீட்டை முடிச்சுட்டு நேரா கீழ எங்க வீட்டுக்குத்தான் வருது. நாங்களும் தேதியை மறைச்சோம்."

தண்டபாணிக்கு மூச்சு வந்தது. "அப்போ கல்யாணத்தை நாப்பது நாளுக்குள்ள வெச்சுக்கலாமா?"

கூரையில் இன்னொரு கல் விழுந்தது. இது பெரியது.

"முப்பதுக்குள்ளயே வைங்கப்பா," என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.