முழங்கால் சாக்ஸ்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூரப் போட்டிக்கு நண்பர்கள் ஐந்து பேர் தீவுக்கு வந்திருந்தோம். அவர்களில் ஒருவரை அடுத்த மாதம் நான் கட்டிக்கொள்ளப்போகிறேன்.

விடிந்ததிலிருந்து அவர் முழங்கால்வரை சாக்ஸ் போட்டிருந்தார்.

"பழைய காதலி பேரைப் பச்சை குத்தியிருப்பாருடி," என்றாள் தோழி.

இடுப்பில் சுற்றிய துண்டோடு போய் அவரைக் கடற்கரையில் மடக்கினேன்.

"சாக்ஸைக் கழட்டுங்க."

"தண்ணில இறங்கும்போது கழட்டறேனே."

"இப்பவே."

கழற்றினார். கெண்டைக்காலில் கறுப்பு மையில் 41. போட்டி நடத்துபவர்கள் எல்லோர் காலிலும் எழுதிவிடும் வயது.

"எங்கிட்ட முப்பத்தஞ்சுன்னுதானே சொன்னீங்க?"

"தப்புதான். கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாத."

"சரி, விடுங்க. நீங்க முன்னாடி போங்க. திரும்பிப் பார்க்காதீங்க."

அவர் நிம்மதியாகக் கடலை நோக்கி நடந்தார். நான் துண்டைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

என் காலில் 44.